முனியாண்டி போட்ட பழம்

ராக்காயிக்குக் கண்ணில் பூ விழுந்த வருஷம் அது. கொரோனாவுக்கு ஒரு வருஷம் முந்தி. மலேசியாவில், கரங்கான் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் அவளுக்கு உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. ஆண்கள் செம்பனைக் குலையை வெட்டித் தள்ளும்போது, தரையில் மோதித் தெறிக்கிற பழங்களைப் புல்லுக்குள் தேடித் தேடிச் சாக்கில் சேர்க்க வேண்டும். கண் நன்றாக இருக்கிறவளுக்கே முதுகு ஒடிகிற வேலை. ராக்காயிக்கோ எல்லாமே பாலாடை மூடியதுபோல் இருந்தது. சிவந்த பழமும் காய்ந்த சருகும் ஒன்றாகத் தெரிந்தன. கையால் தடவித்தான் பொறுக்கினாள். முள் குத்தாத விரல் இல்லை. மத்தியானத்துக்குள் அரைச் சாக்கு தேறாது. வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை.

ஆனால் சோற்றுக்குப் போய்த் திரும்பி வந்தால் சாக்கு நிறைந்திருக்கும்.

ஒரு நாள் என்றால் கணக்குத் தப்பியது என்று விடலாம். தினமும் நிறைந்தது. காட்டு ஓரத்தில் மரத்தடியில் இருந்த முனியாண்டிதான் தனக்காகப் பழம் போடுகிறார் என்று ராக்காயி முடிவு செய்தாள். புருஷன் செத்து, பிள்ளையும் இல்லாதவளுக்கு வேறு யார் போடுவார்கள். கோயிலில் போய் அழுதுகொண்டே சொன்னாள். அப்போது தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கிற மண்டோராக இருந்த தர்மலிங்கம்தான் கோயில் கமிட்டியிலும் பெரியவர். அந்த வருஷத் திருவிழாவில் மைக்கைப் பிடித்து, குருடியின் சாக்கை நிரப்பிய முனியாண்டி என்று ஊரே கேட்கச் சொன்னார். ராக்காயி பித்தளை மணி ஒன்று வாங்கி, 'உபயம்: ராக்காயி' என்று பேர் வெட்டிக் கோயிலில் கட்டினாள்.

பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. வேலைக்குத் திரும்பிய முதல் நாள், தண்ணீர் போத்தலை மறந்துவிட்டு, சோற்றுக்குப் போன பாதி வழியில் தோட்டத்துக்குள் திரும்பினாள். இருளப்பன் குந்தியிருந்தான். அவள் தம்பி. தன் குலைவெட்டு முடிந்தும் சாப்பிடப் போகாமல், மடித்துக் கட்டிய சட்டையில் பொறுக்கிய பழங்களை அவள் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தான். கொட்டி முடித்து, சாக்கு வாயை அவள் மடிக்கிற மாதிரியே மடித்து வைத்தான். தன் பூட்ஸ் பதிந்த புல்லைக் கையால் நீவி நிமிர்த்திவிட்டுப் போனான்.

மரத்துக்குப் பின்னால் நின்ற ராக்காயி கூப்பிடவில்லை. அவனும் ஒரு நாளும் சொல்லவில்லை. மணியைத்தான் கட்டியாகிவிட்டதே.

இருளப்பன் அப்போதே குடிக்கிறவன்தான். அதையும் சொல்ல வேண்டும்.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்கு ஏழு வயது, ராக்காயிக்குப் பதினேழு. அவள் கையில் வளர்ந்தவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டான். பதினைந்து வயதில் அரிவாள் கட்டிய நீளக் கோலைத் தூக்கினான். அண்ணாந்து பார்த்தே எந்தக் குலை பழுத்தது, எது இன்னும் நாலு நாள் பொறுக்கும் என்று சொல்லிவிடுவான். அக்காளை 'மண்டோரம்மா' என்று கேலி செய்வான். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை, குடித்துவிட்டுச் சத்தம் போட்டதும் இல்லை. அதனாலேயே அவன் குடியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் சம்பள நாளில். பிறகு சனிக்கிழமை. பிறகு வேலை முடிந்து. கடைசியில் வேலைக்குப் போகுமுன்பே மலிவுச் சாராயமான சம்சு போத்தலைத் திறந்தால்தான் கோலைப் பிடிக்கிற கை ஆடாமல் நிற்கும் என்றாயிற்று. மனைவி ஷாமளா பதினோரு வருஷம் பொறுத்தாள். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு சுங்கை பட்டாணிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அவன் சண்டை பிடிக்கவில்லை. அவளுடைய பெட்டிகளை அவனே சுமந்து வந்து லோரியில் ஏற்றினான். கண்ணாடி பொருத்திய அலமாரி ஆடக்கூடாது என்று இரண்டு முறை கயிறு போட்டுக் கட்டினான்.

அந்த மகள்தான் சாந்தினி. இப்போது கூலிம் ஊரில் தொழிற்சாலை வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இருளப்பன் ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள்தான் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். மலாய்க்கார டாக்டரம்மா அவளைத் தனியே கூப்பிட்டு, ஈரல் முக்கால்வாசி போய்விட்டது, இனி ஒரு சொட்டும் படாமல் இருந்தால் ஓட்டலாம், மறுபடி தொட்டால் ஒரு வருஷம்கூடத் தாங்காது என்று சொன்னார். சாந்தினி அதை அப்பாவிடமும் அத்தையிடமும் மறைக்காமல் சொன்னாள். நல்ல நேரம் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. டிஸ்சார்ஜ் ஆன அன்றே அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு பெண்டாங்குக்குப் போனாள்.

பெண்டாங்கில் வயல் ஓரத்தில் ஒரு பழைய கல் வீடு. குடியை விட வருகிறவர்களுக்கென்று தயாநிதி என்கிற பாஸ்டர் நடத்துகிற இல்லம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினான்கு ஆண்கள் இருந்தார்கள். விடியலில் ஜெபம், பிறகு வாத்துக்கு இரை, தோட்டவேலை, மத்தியானம் வேதபாடம், சாயங்காலம் பாட்டு. எட்டு மாசம் இருக்க வேண்டும். காசு கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை. கயிறு, தாயத்து எதுவானாலும் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும்.

ராக்காயி முனியாண்டி கோயிலில் மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு இருளப்பன் கையில் இருந்தது. அதைக் கத்தரித்து, கடித உறையில் போட்டு, மேலே அவன் பேரை அழகான எழுத்தில் எழுதிச் சாந்தினியிடம் கொடுத்தார்கள். அவள் அதை அத்தையிடம் கொண்டுவந்து கொடுத்தாள். செத்தவன் சாமானை வீட்டுக்கு அனுப்புவதுபோல் அனுப்பியிருக்கிறார்களே என்று ராக்காயி அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

நாலாம் மாசம்தான் பார்க்க விட்டார்கள். ராக்காயி முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். இருளப்பன் கன்னத்தில் சதை வைத்திருந்தது. கண் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அக்காளை உட்கார வைத்து, தேத்தண்ணியைத் தானே கோப்பையில் ஊற்றிக் கொண்டுவந்தான். தட்டில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"கை ஆடுல பாருக்கா," என்றான், சின்னப் பிள்ளை பரீட்சைத் தாளை நீட்டுவதுபோல.

ராக்காயி கையைப் பார்க்கவில்லை. திருநீறு இல்லாத நெற்றியைப் பார்த்தாள். குடிக்குமுன் அவன் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்ததைப் பார்த்தாள். இருபது வருஷமாக அவள் கும்பிட்டுக் கேட்டது அந்தக் கோப்பையில் ஆடாமல் நின்றது. அவளுக்கு அது பிடிபடவில்லை.

பாஸ்டரிடம் நேரிலேயே கேட்டாள். மதம் மாற்றத்தான் இதெல்லாமா ஐயா, என்றாள். அவர் கோபப்படவில்லை.

"ஒருத்தரையும் நாங்கள் கட்டாயப்படுத்திறேல்லை அம்மா. ஆறாம் மாசம் விரும்பினவை ஞானஸ்நானம் எடுக்கிறவை. விரும்பாட்டி விடலாம்."

எடுக்காமல் எட்டு மாசம் முடித்துப் போனவன் யாராவது உண்டா என்று அவள் கேட்டாள். போனவர்கள் உண்டு, ஆனால் நிலைக்கவில்லை, விசுவாசம் இல்லாவிட்டால் விழத்தான் செய்வார்கள், என்றார். நல்ல மனுஷர். பொய் சொல்லத் தெரியாதவர். அந்த உண்மைதான் ராக்காயி நெஞ்சில் முள்ளாக ஏறியது.

அந்த முள்ளோடு கோயிலுக்குப் போனாள். மண்டோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தர்மலிங்கம் இப்போது கமிட்டித் தலைவர். சித்திரைத் திருவிழாவுக்கு இரண்டு மாசம்தான் இருந்தது. அவர் கைவேலையை விட்டுவிட்டு மணியை நிமிர்ந்து பார்த்தார்.

"குருடி சாக்க நெரப்பத் தெரிஞ்ச சாமிக்கு, உன் தம்பி குடிய நிறுத்தத் தெரியாதா? நம்ம சாமிய நம்பாம வெள்ளக்காரன் சாமிகிட்ட அடகு வெச்சிட்டியே, ராக்காயி."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த இடத்தில் ராக்காயி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாக்கை நிரப்பியது சாமி இல்லை, அண்ணே, பெண்டாங்கில் இருக்கிறானே, அவன்தான், என்று. பத்து வார்த்தைகூட இல்லை. தலைக்கு மேலே அவள் பேர் வெட்டிய மணி தொங்கியது. ஊரே தன்னைச் சாமி பார்த்த பொம்பளை என்று மரியாதை வைத்திருந்தது.

காப்புக் கட்டிவிடலாம், ஒரு மண்டலம் கோயிலிலேயே கிடக்கட்டும், திருவிழா அன்று காப்பை அவிழ்த்தால் அதோடு குடியும் போய்விடும், என்று தர்மலிங்கம் சொன்னார். மறு வாரமே ராக்காயி பெண்டாங்குக்குப் போய்த் தம்பியைக் கூட்டிவந்துவிட்டாள். இருளப்பன் மறுத்துப் பேசவில்லை. வளர்த்தவள் கூப்பிட்டால் வருகிறவன். வாத்துக்கு இரை போட்டுவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லி, அவளைக் கால் மணி நேரம் காக்க வைத்தான்.

சாந்தினி விஷயம் தெரிந்து நேராக அத்தையின் லயத்து வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நாலு மாசம் ஆச்சு அத்த. இன்னும் நாலு மாசம்தான்லா. எந்தச் சாமி கதவத் தொறந்தா உங்களுக்கு என்ன? உள்ள போனவரு உசுரோட வந்தா போதாதா?"

"உசுரு இருந்து பேரு போச்சுன்னா? நாளைக்கு நான் செத்தா அவன் எனக்கு நெருப்பு வெப்பானா?"

"அவரு செத்தா நீங்க யாருக்கு நெருப்பு வெப்பீங்க?"

ராக்காயி அந்தப் பெண்ணை வெளியே போகச் சொன்னாள். அது அவள் தம்பி மகளிடம் சொன்ன மிக மோசமான வார்த்தை.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு மண்டலமும் இருளப்பன் குடிக்கவில்லை. நாற்பத்தெட்டு நாளும் கோயில் மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தான். விடியலில் குளித்து, பிரகாரத்தைக் கூட்டி, விளக்குக்கு எண்ணெய் விட்டான். கவிச்சி இல்லாத ஒரு நேரச் சோறு. வருகிறவர் போகிறவர் எல்லாம் ஒரு கண் வைத்திருந்தார்கள். பிள்ளைகள்கூட, "மாமா, இன்னிக்கு எத்தனாவது நாளு?" என்று கேட்டன. பெண்டாங்கில் பதினான்கு பேர் சேர்ந்து பாடியது அவனைப் பிடித்து நிறுத்தியது என்றால், இங்கே ஊரின் கண் பிடித்து நிறுத்தியது. சாமி இரண்டு இடத்திலும் இருந்திருப்பார். இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும். ஆனால் கஷ்டம் சாமியால் வரவில்லை.

திருவிழா அன்று பகல் உச்சிப் பூசை. அந்தத் தோட்டத்து முனியாண்டிக்குப் படையல் என்றால் கிடாய்க்கறி, சுருட்டு, கூடவே ஒரு போத்தல் பிராந்தி. கோயில் இருக்கிற காலத்திலிருந்து அப்படித்தான். பூசை முடிந்ததும் பூசாரி அந்தப் போத்தலைத் திறந்து, மூடியால் அளந்து ஆண்களின் உள்ளங்கையில் ஊற்றுவார். அது சாராயக் கணக்கில் வராது, பிரசாதம். விரதம் முடித்தவனுக்குத்தான் முதல் கை.

நாற்பத்தெட்டு நாளாக அவனை எண்ணிக்கொண்டிருந்த ஊரில், ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. ராக்காயிக்கும் தோன்றவில்லை.

காப்பை அவிழ்த்தார்கள். ராக்காயியின் மணியை அடித்தார்கள். பூசாரி மூடியை நிரப்பிக்கொண்டு, கையை நீட்டப்பா என்றார். இருளப்பன் கை நீட்டவில்லை. வாசனை அவனுக்கு வந்துவிட்டது. எனக்கு வேண்டாம் சாமி, திருநீறு மட்டும் போதும், என்று மெல்லச் சொன்னான்.

தர்மலிங்கம் முன்னால் வந்தார்.

"சாமி குடுக்குறத வேணாங்கிறான். பெண்டாங்குல நல்லாத்தான் பாடம் படிச்சிருக்கான்."

இருளப்பன் அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் அக்காளைத் தேடினான். கண்டுபிடித்தான். சின்ன வயதில் காய்ச்சல் மருந்தைக் குடிக்குமுன் பார்ப்பானே, அந்தப் பார்வை. ஊர் மொத்தமும் அவன் பார்வையோடு திரும்பி ராக்காயியைப் பார்த்தது.

"வாங்கிக்க தம்பி," என்றாள் ராக்காயி. "சாமி குடுக்குறது ஒண்ணும் செய்யாது."

அவன் கையை நீட்டினான். ஒரு மூடி. அவ்வளவுதான்.

பொழுது சாயுமுன் கோயிலுக்குப் பின்னால் மிச்சப் போத்தலோடு உட்கார்ந்திருந்தவர்களில் அவனும் இருந்தான். அடுத்த வாரம் சம்சு. அடுத்த மாசம் கோலைத் தூக்க முடியாமல் வேலையிலிருந்து நின்றான். கண் மஞ்சளாயிற்று. வயிறு பானையாக உப்பிற்று.

ராக்காயி கோயிலில் போய் நின்றாள். தர்மலிங்கம் அவள் முகத்தைப் பார்க்காமல், காப்புக் கட்டியிருந்த வரைக்கும் சாமி காத்தது, அவிழ்த்த பிறகு காத்துக்கொள்ள வேண்டியவன் அவன்தான், அவனுக்குப் பக்தி பத்தவில்லை, என்றார். அங்கிருந்து பஸ் பிடித்துப் பெண்டாங்குக்குப் போனாள். பாஸ்டர் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மனசு நொந்துதான் பேசினார். இப்போது பாய் விரிக்க இடமில்லை, மூன்று மாசம் காத்திருக்க வேண்டும், அவனுக்காக ஜெபிக்கிறோம், என்றார். வாசல் வரை வந்து, இருளப்பன் விசுவாசத்தில் நிலைக்காமல் போய்விட்டான் என்றும் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் பஸ் ஜன்னலில் தலை சாய்த்து, இரண்டு பேரும் சொன்னதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள் ராக்காயி. வார்த்தைதான் வேறு.

இருளப்பனை மறுபடி சேர்த்திருந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் சாந்தினியிடம் அதைச் சொன்னாள். அந்தப் பெண் ஆறு மாசமாக அத்தையோடு பேசவில்லை. அன்று பேசினாள்.

"எங்கப்பா குடிக்காம இருந்தப்ப எல்லாம் சாமி பேரு. குடிச்சப்ப மட்டும் எங்கப்பா பேரு. ரெண்டு எடத்துலயும் இதானே கதை? தினமும் பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடந்தது யாரு அத்த? அவருக்கு ஒரு நாளாச்சும் நல்ல பேரு குடுத்தீங்களா?"

ராக்காயியிடம் பதில் இருந்தது. ஆறு வருஷமாக இருந்தது.

இருளப்பன் ஒரு வியாழக்கிழமை விடியலில் போய்ச் சேர்ந்தான். ஐம்பது வயது முடியவில்லை. சாந்தினிதான் முன்னால் நின்று எல்லாம் செய்தாள். தர்மலிங்கம் கோயில் மாலையோடு வந்து கால்மாட்டில் நின்று தேவாரம் பாடினார். பாஸ்டர் தயாநிதியும் பெண்டாங்கிலிருந்து நாலு பேரோடு வந்து, ஓரமாக நின்று கண்ணை மூடி ஜெபம் செய்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். உயிரோடு கிடந்தபோது வார்டுக்கு வந்தவர்களில் இவர்கள் இல்லை. அவர்கள் கெட்டவர்களும் இல்லை. அவன் தங்கள் பக்கத்துக்குச் சாட்சியாக நிற்கிறவரைக்கும் அவனை மிகவும் நேசித்தார்கள்.

ராக்காயி அவனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை. பார்வையாளர் நேரம் முடிய கொஞ்சம்தான் இருந்தது. கஞ்சி ஊட்டினாள். இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆறு வருஷமாக விழுங்கி வைத்திருந்ததை எடுத்தாள்.

"அந்தப் பழம் நீ போட்டதுன்னு எனக்குத் தெரியும்டா."

"தெரியும். நீ மரத்துக்குப் பின்னால நின்னது எனக்குத் தெரியும். சேலை தெரிஞ்சிச்சே."

அவள் அழுதாள். அவன் மஞ்சள் பாரித்த கையை அவள் கை மேல் வைத்தான். கை ஆடியது. வெள்ளிக்கிழமைப் பூசையில் எல்லார் முன்னாலும் நின்று உண்மையைச் சொல்லப் போகிறேன், அந்த மணியைக் கழற்றி உன் பேரை வெட்டிக் கட்டப் போகிறேன், என்றாள் ராக்காயி. அவன் வெகுநேரம் மூச்சு வாங்கினான். நர்ஸ் வந்து, நேரமாகிவிட்டது மக்சிக், போகலாம், என்று அத்தை முறை வைத்து மலாயில் சொல்லிவிட்டுப் போனாள். ராக்காயி எழுந்தாள். வாசலுக்குப் போகத் திரும்பியபோது அவன் சொன்னான். கேலி செய்கிற பழைய குரல் கொஞ்சம் அதில் இருந்தது.

"சொல்லாத, மண்டோரம்மா. முனியாண்டி போட்டுச்சுன்னா எல்லாரும் நம்புவாங்க. குடிகாரன் போட்டான்னா யாரு நம்புவா?"